மாப்பிள்ளையை வைத்துப் படிப்பித்த வாக்கியங்கள்

புதிதாக நியமனம் பெற்ற ஆங்கில ஆசிரியர்களுக்குக் கல்முனையில் ஒரு கருத்தரங்கு நடைபெறுவதாகவும், அதில் 'அனுபவப் பகிர்வு' என்ற தலைப்பில் நான் சிறிது நேரம் உரையாற்ற வேண்டுமெனவும் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டார். ஒரேயொரு நிபந்தனை இருந்தது. இலக்கணம் பற்றிப் பேசக்கூடாது.

"ஏன் தம்பி?" என்றேன்.

"இப்ப கிரமர் படிப்பிக்கிற இல்ல, சேர். புள்ளைகள் எக்டிவிட்டி செய்யக்குள்ள அது தானா வரும்."

அது தானாக வருமென்று காத்திருந்த மாணவர்கள் பலரை என் சேவைக்காலத்தில் அறிவேன். அவர்களுட் சிலர் இன்று பேரப்பிள்ளைகளுடன் சேர்ந்து காத்திருக்கிறார்கள். இதனை அந்தத் தம்பியிடம் கூறவில்லை. அழைத்தவர்களைப் புண்படுத்துவது முறையன்று. மேலும், கருத்தரங்கில் மதிய உணவு உண்டு என்றும் கூறியிருந்தார்.

நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, நேரந்தவறாமையின் சிறப்பைப் பற்றி ஒரு மணி நேரம் தாமதமாக உரையாற்றினேன். தாமதம் என்னுடையதன்று; பிரதம அதிதியினுடையது. தேநீர் இடைவேளையில் நிந்தவூரைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை அருகே வந்தார்.

"சேர், வாக்கிய வகைகளை நீங்க மாப்பிள்ளைமார வெச்சுத்தான் படிப்பிச்ச எண்டு எங்கட உம்மா செல்ற. மெய்யா?"

"மெய்."

"அதுக்காக உங்கள வெளியேத்தப் பாத்தாங்களாமே?"

"அதுவும் மெய்தான்."

அதற்குள் எவரோ ஒலிவாங்கியை ஊதத் தொடங்கிவிட்டார். ஆகவே அந்த ஆசிரியைக்கு நான் கூற முடியாமற்போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆங்கிலத்தை எவரிடமும் முறையாகக் கற்றவன் அல்லன். வரிப்பத்தான்சேனையில் வாப்பாவின் வயலில் வேலை செய்த காலத்தில், பூச்சிமருந்துப் போத்தல்களில் ஒட்டியிருந்த அறிவுறுத்தல்களே என் முதற் பாடநூல். இதன் காரணமாக என் ஆரம்பகால ஆங்கிலம் முழுவதும் எச்சரிக்கைகளால் ஆனதாயிருந்தது. 'தோலிற் பட்டால், உடனே கழுவவும்' என்பது நானாகவே பிரித்தறிந்த முதல் வாக்கியம். 'உடனே கழுவவும்' என்ற பகுதியைத் தனியே சொன்னால் வாப்பா கை கழுவினார். 'தோலிற் பட்டால்' என்பதை மட்டும் சொன்னபோது, "பட்டா? பட்டா என்னடா?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாக்கியத்தில் ஒரு பகுதி தானாக நிற்கும், மற்றொரு பகுதி நில்லாது என்ற பேருண்மையை நான் அறிந்துகொண்டது அந்த வரப்பில்தான். பின்னாளில் பயிற்சிக் கலாசாலையில் ஈராண்டுகள் பயின்றபோது இதனையே வேறு பெயர்களில் சொல்லித் தந்தார்கள். அங்கே புதிதாக நான் கற்றது கரம்போர்ட் ஆட்டம் மட்டுமே.

கலாசாலைக்குச் செல்வதற்கு முன்னர் கரையோரப் பாடசாலை ஒன்றில் தொண்டர் ஆசிரியனாகச் சேர்ந்தேன். தொண்டர் ஆசிரியர் எனப்படுபவர் ஏனைய ஆசிரியர்கள் செய்யும் எல்லாவற்றையும் செய்பவர். சம்பளம் வாங்குதல் ஒன்று நீங்கலாக. அத்தகையோரை நிரந்தரமாக்குவதற்கான நேர்முகத் தேர்வு விரைவில் வரவிருந்தது. அதற்குப் பாடசாலை அதிபரும் அதன் அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் ஒப்பமிட்ட பரிந்துரை தேவை. இரண்டு ஒப்பங்களும் கிடைத்தால் நான் அரசாங்க உத்தியோகத்தன். கிடைக்காவிடின் மீண்டும் பூச்சிமருந்துக்காரன். போதாக்குறைக்கு, சாய்ந்தமருதில் எனக்கு ஒரு பெண்ணும் பேசியிருந்தார்கள். "நியமனம் கைக்கு வரட்டும், அதுக்குப் பொறகு நாள் பாப்பம்" என்று பெண்ணின் வாப்பா மிகுந்த மரியாதையுடன் கூறியிருந்தார். ஆகவே அவ்விரு ஒப்பங்களிலும் என் உத்தியோகமும் கலியாணமும் ஒன்றாகவே தொங்கிக்கொண்டிருந்தன.

இவ்விடத்தில் எங்கள் அதிபரைப் பற்றிக் கூறுவது இன்றியமையாதது. வெள்ளை நீளக்காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, தலையில் தொப்பி. எவரையும் வைதறியாத உத்தமர். அவரிடம் ஒரேயொரு விசேடம் இருந்தது. எந்தப் பேச்சையும் அவர் முடிப்பதில்லை. "மேலிடத்திலிருந்து ஆக்கள் வரக்குள்ள..." என்பார், பின்னர் தேநீரை ஒரு மிடறு அருந்துவார். "புள்ளைகள்ட வரவு இப்படியே குறைஞ்சா..." என்பார், யன்னலூடாகக் கடற்கரைத் தென்னைகளைப் பார்ப்பார். எஞ்சிய பாதியை எதிரில் நிற்பவர்தான் பூர்த்தி செய்தாக வேண்டும். பூர்த்தி செய்தவரே அதற்குப் பொறுப்பாளியுமாவார். வகுப்பறைக் கூரை ஒழுகியபோது, "இப்படியே மழை பெஞ்சா..." என்று அவர் தொடங்க, "ஓடு மாத்தத்தான் வேணும் சேர்" என்று அறியாமற் கூறிவிட்ட கணித ஆசிரியர் அன்று மாலையே ஏணியில் நின்றார். அதன் பிறகு அதிபர் வாய் திறந்தால் ஆசிரியர் அறையே இருமத் தொடங்கிவிடும். தம் வாழ்நாள் முழுவதும், தனியே நில்லாத சார்பு வாசகங்களிலேயே பேசி, ஒரு குற்றச்சாட்டுமின்றி ஓய்வுபெற்ற ஒரே நிருவாகி அவர்தான்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

பத்தாம் வகுப்பில் வாக்கிய வகைகளைக் கற்பிக்க நேர்ந்தது. பாடநூலில் கண்டவாறே முதல் நாள் கற்பித்தேன். மாணவர்கள் மீன்சந்தைக்குத் தவறி வந்துவிட்ட வெளிநாட்டவர்களைப் போல என்னைப் பார்த்தார்கள். மறுநாள் பாடநூலை மூடிவைத்துவிட்டுக் கரும்பலகையை மூன்றாகப் பிரித்தேன்.

முதற் பிரிவில் தனி வாக்கியம். இவன் கலியாணமாகாத இளைஞன். ஓர் எழுவாய், ஒரு பயனிலை, ஒரு முற்றுப்புள்ளி. எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை.

இரண்டாம் பிரிவில் கூட்டு வாக்கியம். ஒரே வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு, நடுவே வேலி, வேலியில் போய்வர ஒரு படலை. அன்ட், பட், ஓர், ஸோ ஆகிய இணைப்புச் சொற்களே அந்தப் படலைகள். அன்ட் என்பது கறிக்கோப்பை இங்கிருந்து அங்கு போகும் காலம். பட் என்பது சகலன்மார் இருவரும் கதைக்காதிருக்கும் காலம். ஓர் என்பது பெருநாட் சாப்பாடு எந்த வீட்டில் என்று முடிவாகாத காலம். படலையைக் கழற்றி எறிந்தாலும் இரண்டு வீடுகளும் அப்படியே நிற்கும்.

மூன்றாம் பிரிவில் கலவை வாக்கியம். எமது கரையோரத்தில் கலியாணமானால் பெண் வீடு மாறுவதில்லை. ஆண்தான் தன் உடுப்புப் பெட்டியுடன் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். வீடு அவள் பெயரில் இருக்கும். நாளை அவளுடைய மகளின் பெயருக்குப் போகும். ஆகவே முதன்மை வாசகம் வீட்டுக்காரி. சார்பு வாசகம் வந்த மாப்பிள்ளை. பிகோஸ், ஓல்தோ, வென், இஃப் என்பன அவனுடைய கழுத்தில் விழுந்த மாலைகள். மாலை விழுவதற்கு முன் அவனும் ஒரு தனி வாக்கியமாகவே திரிந்தவன். இப்போதும் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, மீசையும் உண்டு. ஆயினும் தனியே நின்று ஒரு முற்றுப்புள்ளி வைக்க அவனால் இயலாது. அவன் வாக்கியத்தின் முன்னால் வந்தால் அவனுக்குப் பின் ஒரு கமா இட வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாமி முன்னறையில் இருக்கிறாரா என்று ஒரு கணம் தயங்கி நிற்கிறானல்லவா, அந்தத் தயக்கமே கமா. வீட்டுக்காரி முன்னே நிற்க அவன் பின்னே வந்தால் தயக்கம் தேவையில்லை, கமாவும் தேவையில்லை.

பின்னர் செய்முறைப் பரிசோதனை. கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தின் ஒரு பாதியைத் துடைப்பானால் மறைத்துக்கொண்டு, "நிற்குமா, விழுமா?" என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லும். மறு பாதியை மறைத்து மீண்டும் கேட்பேன். "விழும்!" என்று அவர்கள் எழுப்பும் ஆரவாரத்தில் ஒருநாள் பக்கத்து வகுப்பு ஆசிரியர் சுவர்தான் விழுகிறதென்று மாணவர்களை மைதானத்துக்கு இறக்கிவிட்டார். ஓய்வுபெறும் நாள்வரை இந்தப் பாடத்தை நான் வேறு விதமாகக் கற்பித்ததில்லை.

கேடு பர்ஸானா என்ற மாணவியின் வடிவில் வந்தது. கெட்டிக்காரி. அவளுடைய வாப்பா ஆதம்பாவா ஹாஜியார் சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். சீமெந்து முதல் கதவுப் பூட்டு வரை அவரிடம் கிடைக்கும். அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் அவரே. நான் காத்திருந்த இரண்டு ஒப்பங்களில் ஒன்று அவருடைய கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, விருந்தினர் சகிதம் அவர் சோற்றின் முன் அமர்ந்திருந்த வேளையில் பர்ஸானா கேட்டிருக்கிறாள்:

"வாப்பா, நீங்க நிக்கிறயா, விழுறயா?"

"என்ன மகள்?"

"இல்ல வாப்பா, நீங்க உம்மாட ஊட்டுக்கு வந்தவருதானே. எங்கட சேர் செல்ற, அப்படி வந்தாக்கள் தனிய நிக்க ஏலாதாம். ஊட்டத் துடைப்பானால மறைச்சா விழுந்திருவாங்களாம்."

விருந்தினருள் ஒருவருக்குப் புரையேறிவிட்டதாம். மற்றொருவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்திருக்கிறார். அவர் போன வழியோ நீளமானது. மாலை அஸர் தொழுகைக்கு முன் ஊர் முழுவதும் சார்பு வாசகம் என்றால் யாரென்று அறிந்துவிட்டது. கடைக்கு வந்த ஒருவன், "ஹாஜியார், கமா இரிக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடியிருக்கிறான். எனது சேவைக்காலத்தில் இலக்கணம் இத்துணை விரைவாகப் பரவியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

மறு பாடசாலை நாள் காலையில் அதிபரின் அறைக்கு அழைக்கப்பட்டேன். ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார்.

"இவர் என்ன படிப்பிக்கார், அதிபர்? இங்கிலீஸா, ஊரார்ர குடும்பமா?"

"ஹாஜியார் இப்படிக் கோபப்படக்குள்ள..." என்றார் அதிபர். தேநீரை எடுத்தார்.

பூர்த்தி செய்ய நான் முன்வரவில்லை. ஹாஜியாரே முன்வந்தார்.

"நான் ஒப்பம் வைக்க மாட்டன். அவ்வளவுதான். இல்லாட்டி ஒண்டு செய்யட்டும். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இரிக்கி. எல்லாருக்கும் முன்னால இந்தப் பாடத்தப் படிப்பிச்சுக் காட்டட்டும். மாப்பிள்ளை இல்லாம. மரியாதையா, ஒருத்தருக்கும் நோகாம படிப்பிச்சா வைக்கன்."

"அப்படியெண்டா, மாஸ்டர்..." என்று அதிபர் என்னைப் பார்த்தார்.

"செய்றன் சேர்" என்றேன். வேறு வழி இருக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வழக்கமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு ஆண்கள் வருவதில்லை. அன்று மாப்பிள்ளைமார் அனைவரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹாஜியார் கைகட்டி அமர்ந்திருந்தார். அவருடைய மனைவி ஹாஜரா பெண்கள் பக்கத்தின் முதற் கதிரையில் இருந்தார்.

நான் ஆயத்தமாகவே வந்திருந்தேன். மாப்பிள்ளைக்குப் பதிலாக வாய்க்காலை எடுத்துக்கொண்டேன். பெரிய வாய்க்கால் தானாக ஓடும். கிளை வாய்க்கால் அதை நம்பியிருக்கும். பெரிய வாய்க்காலிலிருந்து விடாவிட்டால் கிளையில் ஒரு சொட்டும் வராது என்று விளக்கத் தொடங்கினேன். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையார் எழுந்தார்.

"மாஸ்டர், கடைசி வயலுக்குத் தண்ணி வராததுக்கு நான்தான் காரணமெண்டு செல்ல வாறீங்களா?"

"இல்ல காக்கா, இது உதாரணம்" என்று அண்ணன் முறையில் அவரை அழைத்துக் கூறினேன்.

"செல்லட்டும், செல்லட்டும்!" என்றார் பின்வரிசையில் ஒருவர். "எங்கட வயலுக்கு மூணு போகமா உதாரணம்தான் வருது!"

வாய்க்காலைக் கைவிட்டுக் கடலுக்குச் சென்றேன். தோணி முதன்மை வாசகம். வலை சார்பு வாசகம். தோணியில்லாமல் வலை மட்டும் கடலுக்குப் போகாது. தோணி முதலாளி ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப வலைக்காரனுக்குப் பங்கு வேணாமெண்டு செல்றீங்க. நல்லம். இதத்தான் நானும் செல்ற."

அவருக்குப் பின்னாலிருந்த வலைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியை உதாரணமாக எடுக்கலாமா என்று ஒரு கணம் எண்ணி, அல்லாஹ்வின் கிருபையால் தவிர்த்துக்கொண்டேன். எமது ஊரில் எவருக்கும் நோகாத உதாரணம் ஒன்று இல்லை. இதனால்தான் பாடநூல் எழுதுபவர்கள் பூனையையும் பாயையும் விட்டு வெளியே வருவதில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தாய் குரல் கொடுத்தார். "சேர், அந்த மாப்பிள்ளையையே எடுங்க! அதுதான் எங்களுக்கு வெளங்கும்."

பெண்கள் அனைவரும் சிரித்தார்கள். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். ஆண்களும் கூரையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹாஜியார் எழுந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய குரல் தாழ்ந்திருந்தது.

"சிரிங்க. நான் வந்த மாப்பிள்ளைதான். அத நான் இல்லையெண்டு செல்லல்ல. ஆனா நான் வரக்குள்ள அங்க ஊடு எங்க இருந்த? மாமா அத்திவாரம் போட்ட கையோட மௌத்தாகி மண்ணுக்குப் போயிட்டார். நாலு கம்பும் ஓலையும்தான் இருந்த. கல்லு நான் சுமந்த. கம்பி நான் வளைச்ச. மேசனுக்குக் கையாள் இல்லாத நாளையில நானே சாந்து குழைச்ச. இண்டைக்கும் ஒருத்தன் வழி கேட்டா ஹாஜராட ஊடு எண்டுதான் கை காட்டுறானுகள்." என் பக்கம் திரும்பினார். "செல்லுங்க மாஸ்டர். என்ன எந்தப் பக்கத்துல போடுவீங்க? நிக்கிற பக்கத்துலயா, விழுற பக்கத்துலயா?"

மண்டபம் முழுவதும் என் கையிலிருந்த துடைப்பானின் பக்கம் திரும்பியது.

"ஹாஜியார் இப்படிக் கேக்கக்குள்ள..." என்றார் அதிபர். அவருக்கே அன்று தேநீர் கிடைக்கவில்லை.

நான் கரும்பலகையைத் துடைத்தேன். ஓல்தோ என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் உரக்க வாசித்தேன்: "அந்த வீடு ஹாஜராவின் பெயரில் இருந்தாலும், அதைக் கட்டியவர் ஆதம்பாவா."

"ஹாஜியார், இங்கே மாலை விழுந்திருப்பது வீட்டின் கழுத்தில். நீங்கள் முதன்மை வாசகம்" என்று கூறி, வீட்டைத் துடைப்பானால் மறைத்தேன். "அதைக் கட்டியவர் ஆதம்பாவா. நிற்குமா, விழுமா?"

"நிற்கும்!" என்றது மண்டபம். மாப்பிள்ளைமாரின் குரல் சற்று ஓங்கியே ஒலித்தது.

ஹாஜியார் கரும்பலகையைப் பார்த்தார். அவருடைய முகம் இளகவில்லை. ஓர் இரும்புக்கடைக்காரரைச் சுண்ணாம்புக் கட்டியால் ஏமாற்ற முடியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கரும்பலகையில் நிற்கலாம், வெளியே வந்தால் ஊர் மீண்டும் ஹாஜராவின் வீட்டுக்குத்தான் கை காட்டும். அந்தக் கையை எனது துடைப்பானால் மறைக்க முடியாது. என் உத்தியோகமும் கலியாணமும் ஒருசேரக் கடற்கரைப் பக்கம் நடந்து போவது எனக்குத் தெரிந்தது.

ஹாஜரா கதிரையை விட்டு எழாமலே பேசினார்.

"சேர், அந்தத் துடைப்பான எடுங்க. என்ட ஊட்ட மறைச்சுப் போட்டு அவர மட்டும் நிப்பாட்டி என்னத்துக்கு?" பின்னர் கணவரின் பக்கம் திரும்பினார். "இஞ்ச பாருங்க. இது ஆர்ட ஊடு எண்டு கேட்டா நான் என்ன செல்லுவன் எண்டு நீங்க எப்பயாச்சும் கேட்டிரிக்கயா?"

ஹாஜியார் கரும்பலகையை விட்டுத் தலையைத் திருப்பினார்.

"நாளைக்கு அந்த ஊடு பர்ஸானாக்கு. அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை வருவான். வாசல்ல வந்து நிக்கக்குள்ள நான் செல்லுவன், இது உங்கட மாமா கட்டின ஊடு, கல்லுக் கல்லா அவருதான் சுமந்தாரு, செருப்பக் கழட்டிப்போட்டு மெதுவா வாங்க எண்டு. அவன் என்ன முழி முழிக்கான் எண்டு அண்டைக்குப் பாருங்க. நீங்கதான் அந்த முன்னறைக் கதிரையில இரிப்பீங்க."

ஹாஜியார் தம் மனைவியைப் பார்த்தார். வரவிருக்கும் அந்தப் பையன் தம் வாசலில் தயங்கி நிற்கும் காட்சி அவருடைய மனக்கண்ணில் தோன்றியிருக்க வேண்டும். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. அதனை அடக்கிக்கொள்ள முயன்றார், முடியவில்லை. முதலில் அவர் சிரித்தார். பிறகுதான் நாங்கள் சிரித்தோம். அந்த ஒழுங்குமுறையை அன்று எவரும் மீறவில்லை.

கூட்டம் கலைந்த பின்னர் அதிபரின் அறையில் பரிந்துரைப் பத்திரம் மேசைமேல் விரிக்கப்பட்டது. அதிபர் தம் ஒப்பத்தை இட்டு, பேனாவை நீட்டினார். ஹாஜியார் அதை வாங்கினார், ஒப்பமிடவில்லை. என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை நோக்கினார்.

"உங்களுக்குச் சாய்ந்தமருதுல பொண்ணு பேசியிரிக்காமே?"

"ஓம் ஹாஜியார். நியமனம் கிடைச்சா நாள் குறிப்பாங்க."

"பொண்ணுட ஊடு கட்டி முடிஞ்சிட்டா?"

"இல்ல ஹாஜியார்," என்றேன். "அத்திவாரம் போட்டிரிக்காங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய பார்வையில் எஞ்சியிருந்த கோபமும் வடிந்து, அதனிடத்தில் பெரும் இரக்கம் ஒன்று வந்து அமர்ந்தது. குனிந்து, அழுத்தமாக, பெயர் முழுவதையும் எழுதி ஒப்பமிட்டார். பத்திரத்தை என் கையில் தந்து, மற்றக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப சீமெந்துக்கு வேற எங்கயும் போகாதீங்க, மாப்பிள்ள. நம்மட கடைக்கே வாங்க."